உடைக்க வேண்டாம், மாற்றுங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் பாலுசெட்டி சத்திரம். அதை ஒட்டினாற்போல் அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. வைணவ அன்பர்களுக்கு இது பெருமை வாய்ந்த திருத்தலம். பறவையரசனாகிய சடாயுவுக்கு, ஒரு மகன் தந்தைக்குச் செய்வதுபோல், இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலமரபு. 'புள்' என்றால் பறவை. ஊரின் பெயரே அந்நிகழ்ச்சியைச் சொல்லி நிற்கிறது. ஆனால் இன்று வைகறையில் அங்கே போய் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது கோபுரம் அன்று. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாலையோரத்தில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர் கூட்டமே.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு முந்திய வாரத்தில், அவ்வூரில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். மகளுக்கு மணம் நிச்சயமாகியிருந்தது. ஓலை எழுதுவது பற்றிப் பேசத்தான் சென்றோம். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"சாமி, இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள். பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்கப் போகிறேன் என்கிறான். இவன் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார்" என்றார் தாயார்.

மகனுக்கு வயது இருபத்தைந்து. நான்கு ஆண்டு நான்கு மாதத்தில் மூன்று இடங்களில் வேலை செய்திருக்கிறான். கடைசி ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செப்டம்பரில் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் சேர வேண்டும். அங்கே சேருமுன் பழைய பணத்தை எடுத்துவிட்டால் தங்கையின் திருமணத்திற்கு ஆகும் என்பது அவன் எண்ணம். கணினி நிலையம் வைத்திருக்கும் ஒருவர், ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் பத்தே நாளில் பணம் வங்கிக்கு வந்துவிடும் என்று வாக்களித்திருந்தார். பையன் கெட்டவன் அல்லன். தங்கைக்காகத்தான் கேட்கிறான். ஆகவே கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. "தம்பி, ஒரு தாளும் பேனாவும் கொண்டு வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றோம்.

அந்தக் கணக்கையே இம்மாதம் வாசகர்கள் முன் வைக்கிறோம். ஏனெனில் இஃது ஒரு வீட்டுக் கணக்கு அன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று தொழிற்சாலைகள் பெருகிய இந்தப் பகுதியில், வேலை மாறும்போதெல்லாம் வைப்பு நிதியை உடைத்துத் தின்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

பையனுடைய அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1,440 ரூபாய், மாதந்தோறும் அவன் பங்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். ஆனால் அவர் பங்கு இரண்டாகப் பிரிகிறது. 8.33 விழுக்காடு, ஏறக்குறைய 1,000 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. எஞ்சிய 440 ரூபாய் மட்டுமே வைப்பு நிதியில் சேர்கிறது. ஆக, மாதம் 1,880 ரூபாய். ஐம்பத்திரண்டு மாதத்தில் 97,760 ரூபாய். 2024-25-ஆம் நிதியாண்டுக்கு வட்டி 8.25 விழுக்காடு. வட்டியும் சேர்ந்து ஒரு இலட்சத்துப் பதினைந்தாயிரத்தை ஒட்டியிருந்தது.

இப்போது வரியைப் பார்ப்போம். ஐந்தாண்டுத் தொடர்பணி நிறைவேறாமல் இப்பணத்தை எடுத்தால், சட்டம் அதை வருமானமாகக் கருதுகிறது. முதலாளியின் பங்கும் அதன் வட்டியும் சம்பளத்தோடு சேரும். தன் பங்குக்கு வந்த வட்டி இதர வருமானமாகும். தன் பங்குக்காக முன்பு வரிச்சலுகை பெற்றிருந்தால் அந்தச் சலுகையும் திரும்பிப் போகும். எடுக்கும் தொகை 50,000 ரூபாய்க்குக் குறையாவிட்டால், பணம் கைக்கு வருமுன்பே பத்து விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 2023-ஆம் ஆண்டு முதல் இருபது விழுக்காடு. நம் பையனுக்கு அது 11,500 ரூபாய். பான் எண் இணைக்காமல் இருந்தால் 23,000 ரூபாய். முதல் கம்பெனியின் கணக்கில் அவனுக்குப் பான் எண் இணைக்கப்படவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது!

பையன் கேட்டான்: "சாமி, என்னைப் போன்றவனுக்கு வருமான வரி கிடையாது என்கிறார்களே?" நல்ல கேள்வி. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? அவனுடைய அவ்வாண்டு வருமானம், எடுக்கும் தொகையையும் சேர்த்தே, வரி எல்லைக்குக் கீழேதான் இருந்தது. 2025-26-ஆம் நிதியாண்டில் புதிய முறையில் நான்கு இலட்சம் வரை வரியே இல்லை. பன்னிரண்டு இலட்சம் வரை உள்ளவருக்குத் தள்ளுபடியால் வரி நீங்கிவிடுகிறது. ஆகவே 15ஜி என்று வழங்கிவந்த உறுதிமொழிப் படிவத்தை உண்மையோடு கொடுத்திருந்தால் பிடித்தமே இராது. பிடித்துவிட்டாலும், ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் நம் தொழிலாளப் பிள்ளைகளில் எத்தனை பேர் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள்? பிடித்த பணம் பிடித்ததாகவே போய்விடுகிறது.

வரி எல்லைக்கு மேல் வருமானம் உள்ளவர்களும் சிலர், தரகர் சொல்கேட்டு அதே உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள். வேறு சிலர் இல்லாத நோயை இருப்பதாக எழுதி முன்பணம் வாங்குகிறார்கள். "ஊரே செய்கிறது சாமி" என்பது இதற்குப் பதிலாகாது. நியாயமான வரியைச் செலுத்துவது மனச்சான்றின் கடமை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே கூறுகிறது. பொய்க் கையெழுத்தும் பொய்ச் சாட்சியமே. சட்டம் அனுமதிக்கும் வழியில் வரியைத் தவிர்ப்பது விவேகம். அதில் பாவம் ஏதும் இல்லை. அப்படிப்பட்ட நேரான வழி ஒன்று இருக்கும்போது கோணல் வழி எதற்கு?

அந்த வழிதான் மாற்றம். பழைய கம்பெனியின் கணக்கிலுள்ள பணத்தைக் கையில் வாங்காமல், புதிய கம்பெனியின் கணக்கிற்கே மாற்றிவிட்டால், ஒரு காசும் வரியாகப் போவதில்லை. அதைவிட மேலானது ஒன்றுண்டு. பழைய இடத்தில் உழைத்த மாதங்களும் புதிய இடத்தின் மாதங்களோடு சேர்ந்து எண்ணப்படுகின்றன. நம் பையனுக்கு ஐம்பத்திரண்டு மாதம் ஏற்கெனவே கையிருப்பு. ஒரகடத்தில் இன்னும் எட்டே மாதம் வேலை செய்தால் ஐந்தாண்டு நிறைவாகும். அதன்பின் அந்தப் பணத்திற்கு வரியச்சமே இல்லை. உடைத்துவிட்டாலோ மீண்டும் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் அமர்ந்திருந்த தகப்பனார் அப்போதுதான் வாய் திறந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. இரவில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறார்.

"வரி கிடக்கட்டும் சாமி. நான் இரண்டு தடவை உடைத்தேன். அதை இவனுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கதை இது. 1996 முதல் 2002 வரை ஆறாண்டு ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. நின்றபோது வைப்பு நிதியையும், ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்த பணத்தையும் சேர்த்தே வாங்கி வீட்டுக்குக் கூரை போட்டார். பிறகு 2005 முதல் 2013 வரை எட்டாண்டு ஓர் உதிரிபாக ஆலையில். அதை விட்டபோதும் அவ்வாறே வாங்கி மூத்த மகளின் திருமணத்தை நடத்தினார். கூரையும் தேவைதான், திருமணமும் தேவைதான். அவரைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுப் பணி உள்ளவருக்கே மாத ஓய்வூதியம். அவர் உழைத்தது பதினான்கு ஆண்டு. திட்டத்தின் கணக்கிலோ இன்று ஒரு நாள் கூட இல்லை.

முதல் முறை நின்றபோது ஓய்வூதியப் பணத்தை வாங்காமல், திட்டச் சான்றிதழ் என்ற ஒரு தாளை மட்டும் வாங்கி வைத்திருந்தால் அந்த ஆறாண்டும் உயிரோடு இருந்திருக்கும். இரண்டாவது இடத்து எட்டாண்டோடு சேர்ந்து பதினான்கு ஆகியிருக்கும். ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுப்பது முறை. 2013-இல் அச்சம்பளத்தின் உச்சவரம்பு 6,500 ரூபாய். அதைப் பதினான்கால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் 1,300 ரூபாய். ஐம்பத்தெட்டாம் வயது முதல் ஆயுள் முழுவதும் அது வந்துகொண்டிருக்கும். அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆயிரத்து முந்நூறு பெரிய தொகையா என்று நாமே சற்றுத் தயங்கினோம். தாயார் தயங்கவில்லை. "கேஸ் சிலிண்டருக்கும் இவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் ஆகுமே சாமி" என்றார்.

பையன் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் இதே இரண்டு படிவங்களில்தான் கையெழுத்திட இருந்தான். வைப்பு நிதிக்கு ஒன்று, ஓய்வூதியப் பணத்திற்கு ஒன்று. இரண்டாவது எதற்கு என்று கணினி நிலையத்தார் அவனுக்குச் சொல்லவே இல்லை.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-ஆம் ஆண்டு தொழிலைப் பற்றி விடுத்த சுற்றுமடலில், முதுமைக்கான ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் தொழிலாளியின் உரிமைகளுள் வைத்து எண்ணினார். உரிமை என்றால் ஒருவர் கொடுத்தால் மட்டும் போதாது. பெற்றவரும் காக்க வேண்டும். எகிப்தில் யோசேப்பு வளமான ஏழாண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்ததை நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் அக்களஞ்சியத்தைத் திறந்து தின்றிருந்தால் பஞ்சத்தின்போது அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

சட்டம் இரக்கம் காட்டும் இடமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளி நோயுற்று வேலை செய்ய இயலாமற் போனாலும், முதலாளி தொழிலையே மூடிவிட்டாலும், தன் கைக்கு மீறிய வேறு காரணத்தால் வேலை போனாலும், ஐந்தாண்டு நிறையாவிட்டாலும் வைப்பு நிதிக்கு வரி இல்லை. 2014-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள், அதற்கு உதிரிகள் செய்துவந்த ஃபாக்ஸ்கான் ஆலையிலும் வேலை நின்றது. வேலையிழந்தோரில் இருபது வயதைக் கடந்த இளம்பெண்கள் மிகப் பலர். ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவருக்கு இந்த விலக்கு பொருந்தும். தாமே விலகியவருக்கு அதைக் கேட்பது கடினம். ஆகவே மூடும் ஆலையிலிருந்து வருவோர், ஆலை மூடப்பட்டது என்பதற்கான கடிதத்தை வாங்காமல் வெளியேறக் கூடாது. பத்தாண்டு கழித்துத் தேடினால் கடிதம் தர ஆள் இருக்காது.

மாற்றம் சொல்வதற்கு எளிது; செய்வதற்கு முன்பெல்லாம் கடினம். பழைய முதலாளியின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டும். 2014 முதல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் யூ.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் உண்டு; எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண். 2025 ஜனவரி முதல், ஆதார் சரியாக இணைந்திருந்தால் பெரும்பாலான மாற்றங்களுக்கு முதலாளியின் ஒப்புதலும் தேவையில்லை என்றாக்கினார்கள். வேலையை விட்ட தேதியைப் பழைய ஒப்பந்தக்காரர் பதியாமல் விட்டிருந்தால், இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதிந்துகொள்ளலாம்.

ஆனால் பெயர்! நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்றே ஏற்பட்ட சிலுவை இது. ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர். அந்தோணி என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் ஒரே வீட்டில் காணலாம். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னே நிற்கும், மற்றொன்றில் பின்னே போகும். ஓர் எழுத்து மாறினாலும் மனு நின்றுவிடும். வேலையில் சேரும் அன்றே, ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரும் பிறந்த தேதியும் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது பிற்காலத்துப் பெரிய அலைச்சலைத் தடுக்கும். நம் பையனுக்கு மூன்றாவது ஒப்பந்தக்காரர், பழைய எண்ணைக் கேளாமலே புதிதாக ஒரு யூ.ஏ.என். வாங்கிவிட்டார். இரண்டு எண் என்றால் சட்டத்தின் கண்ணில் இரண்டு ஆள்!

படித்து நல்ல ஊதியம் பெறுவோர் இதைப் படித்துவிட்டு, இது தொழிலாளர் விஷயம் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான்காண்டு பத்து மாதம் வேலை செய்து, அடுத்த வேலைக்கு முன் பணம் முழுவதையும் எடுத்த பொறியாளர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். ஆண்டு வருமானம் அவருக்கு ஏற்கெனவே பதினான்கு இலட்சம்; எடுத்த தொகை ஏறக்குறைய ஆறு இலட்சம். தள்ளுபடி அவருக்கு இல்லை. முதலாளி பங்கும் வட்டியும் உச்ச அடுக்கில் போய் அமர்ந்துகொண்டன. கணக்கை மாற்றியிருந்தால், புதிய இடத்தில் இரண்டே மாதத்தில் ஐந்தாண்டு நிறைந்திருக்கும். அப்படியும் எடுத்தே தீர வேண்டும் என்றால், நிதியாண்டு முடியும் மார்ச்சில் எடுக்காமல், வருமானம் குறைவாக இருக்கப் போகும் ஆண்டாக இருந்தால் ஏப்ரல் பிறக்கும் வரை பொறுத்திருக்கலாம். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், பழைய எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தும் தரகர்களிடம் கவனமாயிருங்கள்.

ஓய்வு பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாத ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான தொகையை மொத்தமாகப் பெறுவதைக் கம்யூட்டேஷன் என்பார்கள். தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியர் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு மாற்றலாம். பதினைந்து ஆண்டுக்குப்பின் முழு ஓய்வூதியம் மீளும். அரசு ஊழியருக்கு இந்த மொத்தத் தொகைக்கு வரி இல்லை. தனியார் ஊழியர் பணிக்கொடையும் பெற்றிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான தொகைக்கும், பெறாதிருந்தால் பாதிக்கு ஈடான தொகைக்கும் வரி இல்லை. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் சம்பளத்தைப் போலவே கணக்கில் சேரும். கணவரை இழந்த சகோதரிகள் பெறும் குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கோ, புதிய முறையில் 2024-25 முதல் 25,000 ரூபாயோ, எது குறைவோ அது கழிக்கப்படும். இதை அறியாமல் முழுத் தொகைக்கும் வரி கட்டிய ஒரு பெரியம்மாவை நாம் அறிவோம்.

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. குடவோலை முறையில் ஊர்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளை அது சொல்கிறது. வரி செலுத்தும் நிலம் உடையவராய் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கை இவ்வளவு மதித்த மண்ணில், மூன்று கம்பெனிச் சம்பளச் சீட்டுகளையும் தூக்கி எறிந்துவிட்டு நிற்கிறான் நம் பையன். அதைச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருமணச் செலவு மட்டும் சிரிப்பால் தீரவில்லை. தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் நாற்பதாயிரம் கடன் பெற்றார். மண்டபம் வேண்டாம், கோயில் வளாகத்திலேயே விருந்து என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் தகப்பனார் துணிந்து பேசினார், அவர்களும் இசைந்தார்கள். ஐப்பசியில் மணம் நிறைவேறியது. கடன் இன்னும் அடைந்துகொண்டிருக்கிறது. எல்லாம் எளிதாய் முடிந்தது என்று எழுத நமக்கு மனமில்லை.

அதே 2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு விதிகளை மாற்ற முடிவு செய்தது. மணம், கல்வி, நோய் முதலியவற்றுக்குக் கணக்கை உடைக்காமலே பணம் பெற ஓராண்டுப் பணி போதும். ஆனால் கால் பங்கு எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும். வேலையிழந்தவர் முழுத் தொகையை எடுக்க இரண்டு மாதத்திற்குப் பதில் பன்னிரண்டு மாதமும், ஓய்வூதியப் பணத்தை எடுக்க முப்பத்தாறு மாதமும் காத்திருக்க வேண்டும் என்பன அம்முடிவுகள். இதைக் கொடுமை என்றார் சிலர். திருப்புட்குழித் தகப்பனார், "எனக்கு முன்பே இப்படி ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்" என்றார்.

பையன் ஒரகடத்தில் சேர்ந்து முதல் வேலையாக மாற்றத்திற்கு விண்ணப்பித்தான். இரண்டு கணக்குகள் வந்து சேர்ந்துவிட்டன. மூன்றாவது, அந்த இரட்டை எண்ணால், இன்னும் வழியில் நிற்கிறது. நம் பங்கைச் சேர்ந்த, கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரியும் ஒரு பெண், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பூசைக்குப்பின் பங்கு அலுவலகத்தில் அமர்ந்து இத்தகைய மனுக்களைப் பார்த்துத் தர இசைந்திருக்கிறார். காணிக்கை ஏதும் வேண்டாம். ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், கிடைத்த வரையில் பழைய சம்பளச் சீட்டுகள், பழைய கம்பெனிகளின் பெயரும் சேர்ந்த நாளும் விட்ட நாளும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றோடு வரவும். கைப்பேசியை வீட்டில் மறந்துவிட வேண்டாம். கடவு எண் அதில்தான் வரும்.